படகு வேலையில் ஆசிட்: எங்கே பயன்படுத்தலாம், எங்கே தொடவே கூடாது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு ஓய்வுக் காலம். ஆனால் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் பூசி மீண்டும் இறக்க வேண்டியவர்களுக்கு அதுவே ஆண்டின் மிக நெருக்கடியான காலம். நாள்கள் குறைவு, கூலி அதிகம், படகின் அடியிலோ ஓர் ஆண்டுக் கொட்டலசு, அதாவது கடல்நீரில் கிடக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர். அந்த அவசரத்தில்தான் ஐந்து லிட்டர் ஆசிட் கேன்கள் வேலையிடத்துக்கு வந்து சேர்கின்றன. சரியான இடத்தில், சரியான அளவில் பயன்படுத்தினால் ஆசிட் இரண்டு நாள் வேலையை அரை நாளில் முடித்துத் தரும் என்பது உண்மை. தவறான இடத்தில் ஊற்றினால் ஒரே காலையில் ஒரு கியர் உறையையோ ஒருவருடைய கண்ணையோ பறித்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை. பல தடைக்காலங்களில் இந்த வேலையைச் செய்தும் செய்வித்தும் கற்றதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆசிட் பொதுவான அழுக்கு நீக்கி அல்ல. அது சுண்ணாம்பைக் கரைக்கும் பொருள். கொட்டலசின் ஓடும், குழாய்ப் புழுக்கள் கட்டும் வெள்ளைக் குழலும், கிளிஞ்சலும், எஞ்சினின் கடல்நீர்க் குழாய்களில் படியும் வெள்ளைப் படிவின் பெரும்பகுதியும் கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத் தொட்டதும் கரியமில வாயு நுரைத்து வெளியேறி, மிச்சம் தண்ணீரில் கரையும் உப்பாகிவிடுகிறது. நுரை வந்தால் ஆசிட்டுக்கு அங்கே வேலை இருக்கிறது. நுரை வராவிட்டால், பெரும்பாலும், வேலை இல்லை. டீசல் கறை, கிரீஸ், மீன் எண்ணெய், பாசி, பழைய வண்ணம் ஆகியவற்றை ஆசிட் கரைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அப்பகுதிப் படகுகளும் வலைகளும் கரும்பிசுக்கால் மூடப்பட்டன. அத்தகைய பிசுக்குக்கு ஆசிட் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. எண்ணெய் நீக்கும் சோப்புக் கரைசலும் கைவேலையும்தான் வழி.

எந்த ஆசிட்?

கடையில் வெறுமனே 'ஆசிட்' என்று கேட்டால் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரசாயனக் கடைகளில் மூடி முத்திரையோடு விற்பது ஏறத்தாழ 30 முதல் 33 விழுக்காடு வலிமை கொண்டது. இரும்பின் கலப்பால் அது மஞ்சளாகத் தெரியும். தெருவில் வண்டியில் பினாயிலோடு சேர்த்து விற்பதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய முடியாது, ஆகவே அதை நம்பிக் கலவைக் கணக்குப் போடக் கூடாது. வலிமையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடிப் பாத்திரத்தில் 100 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் 10 மில்லி ஆசிட்டை மெதுவாகச் சேர்த்து, எடைபோட்ட ஆப்பச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். நுரை முற்றிலும் நிற்க ஏறத்தாழ 9 கிராம் சோடா பிடித்தால் அது முழு வலிமை ஆசிட். நான்கரை கிராமிலேயே நின்றுவிட்டால் பாதி வலிமை.

ஆசிட் வாங்குவதற்கும் முறை இருக்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடர்ந்த வழக்கில் பிறப்பித்த உத்தரவின்படி, சில்லறையாக ஆசிட் விற்பவர் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, அளவு, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. பதிவேட்டில் எழுதித் தரும் கடையில் வாங்குவது உங்களுக்கும் பாதுகாப்பு. ஏனெனில் அங்கே கேனின் மீது பொருளின் பெயரும் வலிமையும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

பேட்டரிக்கு ஊற்றும் கந்தக அமிலம் படகுகளில் எளிதாகக் கிடைப்பதால் சிலர் அதையே கொட்டலசு மீது ஊற்றிப் பார்க்கிறார்கள். அது தவறு. கந்தக அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் தண்ணீரில் எளிதில் கரையாததால் ஓட்டின் மீது ஒரு புதுப் படலமாக உறைந்து, ஆசிட் மேலும் உள்ளே போக விடாமல் தடுத்துவிடும். ஆபத்து முழுதாக வந்து சேரும், பயன் வராது. நைட்ரிக் அமிலத்தைப் படகு வேலையிடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். 'துரு நீக்கி', 'கல் சுத்தம் செய்யும் திரவம்' என்ற பெயர்களில் விற்கும் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ கலந்திருக்கும். அது தோலில் பட்ட உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்து எலும்புவரை அழிக்கும். சீட்டில் ஃபுளோரைடு என்ற சொல் இருந்தால் வாங்காதீர்கள்.

வலிமையான ஆசிட் தேவைப்படாத இடங்களுக்கு மூன்று துணைகள் இருக்கின்றன: துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம், ஃபைபர் மீது படியும் மஞ்சள் கறைக்கும் துருக்கோட்டுக்கும் ஆக்சாலிக் அமிலத் தூள், எஞ்சின் குழாய்களுக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம்.

எந்தப் பொருள் தாங்கும், எது தாங்காது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நான் பார்த்த பொருட்சேதங்கள் அனைத்தும் இதை அறியாததால் வந்தவை. அவற்றில் முதலாவது என்னுடையது. வேலைக்கு வந்த புதிதில், படகின் பின்புறம் வெளியே மாட்டும் ஓர் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பகுதியில் ஒட்டியிருந்த கொட்டலசை நீக்க, படகின் அடிக்குப் பயன்படுத்திய அதே கலவையைப் பூசினேன். நுரை வந்தது; சுண்ணாம்பு கரைகிறது என்று நம்பி நின்றேன். உண்மையில் வண்ணம் உரிந்திருந்த இடங்களில் அலுமினியமே கரைந்துகொண்டிருந்தது. கழுவிப் பார்த்தபோது உறை முழுவதும் சாம்பல் நிறத்தில் அரித்துக் குழிகுழியாக இருந்தது. அந்த உறையை மாற்ற வேண்டியதாயிற்று.

அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம்தான் அதைக் காப்பது. ஆசிட் அதை நீக்கியதும் உலோகம் வேகமாகக் கரைந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும், வெப்பமும் ஏறும். ஆகவே அவுட்போர்டு உறை, அலுமினியப் பிடிமானங்கள், அலுமினிய டீசல் டேங்க் ஆகியவற்றின் அருகே ஹைட்ரோகுளோரிக் அமிலம் போகவே கூடாது. துத்தநாகமும் அப்படியே. கால்வனைஸ் செய்த சங்கிலி, ஆணி, வாளி, படகின் அடியில் அரிப்பைத் தாங்கிக்கொள்ள வைக்கும் ஜிங்க் கட்டை ஆகிய எல்லாவற்றையும் அது தின்றுவிடும். கலவையைக் கால்வனைஸ் வாளியில் கரைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பிளாஸ்டிக் வாளி மட்டுமே ஏற்றது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை தவறானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடு அதன் காப்புப் படலத்தை உடைத்து ஊசிமுனை அளவு குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகள் பின்னர் கடல்நீரில் ஆழமாகிக்கொண்டே போகும். புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் அதன் மீது ஆசிட் தெறித்த கணமே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாதாரண இரும்பை ஆசிட் கரைக்கும். கழுவிய சில நிமிடங்களிலேயே புதுத் துரு செம்மஞ்சளாகப் பூக்கும். வலுவேற்றிய எஃகில் ஹைட்ரஜன் புகுந்து அதை எளிதில் உடையக்கூடியதாக ஆக்கும் என்பதால், சுமை தாங்கும் ஸ்பிரிங், கொக்கி, போல்ட் ஆகியவற்றை ஆசிட்டில் ஊறப்போடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஃபைபர் படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் நீர்த்த ஆசிட்டைச் சில நிமிடங்கள் தாங்கும். ஆனால் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள தோல். அது உடைந்து உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியும் இடத்தில் ஆசிட் படக் கூடாது. சாதாரணக் கண்ணாடி இழை அமிலத்தில் வலுவிழக்கும். மரப்படகின் மேல் ஃபைபர் போர்த்தியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: விரிசல் வழியே இறங்கும் ஆசிட் உள்ளே இருக்கும் இரும்பாணிகளை அரிப்பது வெளியே தெரியாது. வெறும் மரப்படகுக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். கொட்டலசு ஒட்டாமல் இருக்கப் பூசும் செம்பு கலந்த அடிவண்ணத்தின் மீதும் ஆசிட் பூசக் கூடாது; அது வண்ணத்தில் உள்ள செம்பைக் கரைத்துப் பூச்சை வீணாக்குவதோடு, அந்தச் செம்பை மீன்களுக்கு நஞ்சாகத் துறைமுக நீரில் சேர்க்கும்.

நேரமும் காற்றும்

வடசென்னைக் கரையில் அதிகாலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். மே மாதத்தில் முற்பகல் கடந்ததும், நண்பகலையொட்டி, கடற்காற்று கிளம்பி மேற்கே திரும்பும். நம் குப்பங்கள் அனைத்தும் கரைக்கு மேற்கே இருக்கின்றன. ஆகவே மதியத்துக்குப் பின் திறக்கும் ஆசிட் புகை நேராக வீடுகளுக்குள் போகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தால் அது கடல் மீது கலைந்துவிடுகிறது. காலை நேரத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. கத்திரி வெயிலில் சூடேறிய படகுத் தோலில் பூசிய கலவை ஒரு நிமிடத்தில் உலர்ந்து, தண்ணீர் மட்டும் ஆவியாகி, அந்த இடத்தில் ஆசிட் செறிவாகி ஜெல்கோட்டைக் கறையாக்கும். படகின் தோலில் உள்ளங்கையை வைத்தால் சுடாத நிலையில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க நகரமே காசிமேட்டுக்கு வருகிறது; அன்று ஆசிட் வேலை வேண்டாம். மற்ற நாள்களிலும் படகைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளை விலக்கி நிறுத்த ஓர் ஆளை வைக்க வேண்டும். ஒரு கம்பில் துணிக் கீற்றைக் கட்டிக் காற்றின் திசையைப் பார்த்து, காற்று உங்கள் முதுகில் படுமாறு நின்று வேலை செய்யுங்கள்.

உடலைக் காப்பவை

நைட்ரைல் அல்லது பி.வி.சி. நீளக் கையுறை, முகத்தோடு ஒட்டி மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம், ரப்பர் ஏப்ரன், கம்பூட்ஸ் ஆகியவை கட்டாயம். பேண்ட்டின் கால் கம்பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் ஆசிட் நேரே பாதத்துக்குப் போகும். படகின் அடியில் அண்ணாந்து வேலை செய்பவருக்குக் கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். இல்லையென்றால் சொட்டுகள் கைவழியே இறங்கி அக்குள்வரை வரும். மூக்கில் கட்டும் துண்டும் துணி முகமூடியும் ஆசிட் புகையைத் தடுக்காது. அமில வாயு வடிகட்டி பொருத்திய முகமூடியே தடுக்கும். லுங்கியோடும் வெறுங்காலோடும் இந்த வேலையைச் செய்ய எந்தக் கூலிக்காரரையும் நிறுத்தக் கூடாது. அவருக்கும் இதே பொருள்களை வாங்கித் தருவது படகுக்காரரின் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் முன்பாக, தண்ணீர். ஓடும் குழாய் இல்லாவிட்டால் இருநூறு லிட்டர் ட்ரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, மக்கோடு, கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே ஆசிட் கேனின் மூடியைத் திறக்க வேண்டும்.

கலக்கும் முறை

பிளாஸ்டிக் வாளியில் முதலில் 10 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு அதில் ஒரு லிட்டர் ஆசிட்டை வாளியின் ஓரமாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கலக்கும் இடத்தில் வெப்பம் ஒரே கணத்தில் ஏறி முகத்தில் தெறிக்கும். இவ்வாறு கலந்தால் ஏறத்தாழ 3 விழுக்காடு வலிமை வரும். ஃபைபர் படகுக்கு இது போதும். கெட்டியாக ஒட்டிய பழைய ஓட்டுக்கு 10 லிட்டரில் 2 லிட்டர்வரை போகலாம். அதற்கு மேல் போவதில் பயன் இல்லை, புகைதான் கூடும். கலவையை மரக்குச்சியால் கிளறி, சூடு ஆறிய பிறகு பயன்படுத்துங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. முழு வலிமை ஆசிட் ஒரு லிட்டர் ஏறத்தாழ அரை கிலோ ஓட்டைத்தான் கரைக்கும். கரைக்கும்போது நூறு லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவை வெளியேற்றும். ஒரு படகின் அடியில் முப்பது, நாற்பது கிலோ கொட்டலசு இருக்கும்போது அத்தனையையும் ஆசிட்டால் கரைக்க முனைவது எத்தனை கேன்களை விழுங்கும் என்று எண்ணிப் பாருங்கள். சுரண்டும் வேலையைச் சுரண்டும் கருவிதான் செய்ய வேண்டும். சுரண்டிய பின் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வெள்ளை வட்டத்துக்கு மட்டுமே ஆசிட். அப்படிச் செய்தபோது 30 அடி ஃபைபர் படகுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

படகின் அடிப்பகுதி: படிப்படியாக

படகு தண்ணீரை விட்டு ஏறிய அன்றே சுரண்டுவதைத் தொடங்குங்கள். ஈரமாக இருக்கும் கொட்டலசு தட்டையான சுரண்டிக்கு எளிதில் விடும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிட்டால் கல்லைப்போல் இறுகிப் பாதி வேலையைக் கூட்டிவிடும். குப்பங்களில் தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகுகளுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. துறைமுகத்திலும் முகத்துவாரத்திலும் வாரக்கணக்கில் கட்டிக் கிடப்பவற்றுக்குத்தான் ஓடு அடுக்கடுக்காக ஏறும். ஃபைபர் தோலுக்கு மரத்தாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டி நல்லது. இரும்புத் தகடுதான் வேண்டும் என்றால் அதன் முனைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், இல்லையேல் ஜெல்கோட்டில் கீறல் விழும்.

சுரண்டி முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கையும் பாசியையும் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்குள்ள இடத்தில் ஆசிட் பரவாது. பிறகு ஜிங்க் கட்டைகளைக் கழற்றுங்கள், அல்லது பிளாஸ்டிக் தாளால் சுற்றி நன்றாக ஒட்டுங்கள். அலுமினியப் பாகங்கள், ஒலியால் ஆழம் காட்டும் கருவியின் அடிமுனை, கண்ணாடி இழை தெரியும் உடைப்புகள் ஆகியவற்றையும் அவ்வாறே மூடுங்கள். படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து அதன் ஓரங்களை மணல் மூட்டையால் உயர்த்திவிட்டால் வழியும் கலவை ஒரே இடத்தில் தேங்கும்.

இனி படகின் தோலை நல்ல தண்ணீரால் நனைத்து, கீழிருந்து மேலாக, ஒரு பாய் அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நீளக் கைப்பிடி கொண்ட நைலான் பிரஷால் கலவையைப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் கீழே உலர்ந்த இடத்தில் வழியும் தாரைகள் கோடுகோடாகக் கறை விடும். ஸ்ப்ரே பம்பால் தெளிக்க வேண்டாம். நுண்துளியாகப் பறக்கும் ஆசிட் நுரையீரலுக்குள் போகும். பூசியதும் வெள்ளை வட்டங்கள் நுரைக்கும். இரண்டு, மூன்று நிமிடங்களில் நுரை அடங்கியதும் பிரஷால் தேய்த்து, மிச்சம் இருந்தால் இன்னொரு முறை பூசுங்கள். ஓரிடத்தில் கலவை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவும் கூடாது, உலரவும் கூடாது. நுரை முற்றிலும் வராமல் போன பின்னும் தெரியும் கறை சுண்ணாம்பு அல்ல. அதன் மீது மேலும் ஆசிட் பூசுவது வீண்.

ஒரு பாய் அளவு முடிந்ததும் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். எல்லாம் முடிந்த பின், 10 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ ஆப்பச் சோடா கரைத்து முழுத் தோலிலும் பூசி, மறுபடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஈரத் தோலில், அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். தாளை ஒட்டிப் பார்த்து, அமிலம் நீங்கியதைக் குறிக்கும் 7ஐ ஒட்டிய நிறம் வந்தால்தான் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். ஆசிட் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஜெல்கோட்டுக்கு மறுபடி மெழுகு ஏற்ற வேண்டும். அடிவண்ணம் பூசுபவர்கள் தோல் முழுதாக உலர்ந்த பிறகே பூச வேண்டும்.

புரொப்பல்லர் வெண்கலமாக இருந்தால் இதே நீர்த்த கலவை பொருந்தும், ஆனால் ஊறப்போடக் கூடாது; ஈரத்துணியைக் கலவையில் நனைத்து ஓட்டின் மீது மட்டும் வைத்து, நுரை அடங்கியதும் கழுவ வேண்டும். பித்தளைப் பொருத்துகளில் நேரம் நீண்டால் துத்தநாகம் வெளியேறிச் செம்பு நிறச் சொறசொறப்பு தெரியும். அது உலோகம் வலுவிழந்ததற்கான அடையாளம்.

எஞ்சினின் கடல்நீர்க் குழாய்கள்

எஞ்சின் சூடேறுகிறது, கடல்நீர் வெளியேறும் குழாயில் நீர்வரத்து மெலிந்திருக்கிறது, கடல்நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் நன்றாக இருக்கிறது என்றால், எஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கே என் முதல் பரிந்துரை எலுமிச்சை உப்புதான். வெப்பமாற்றியின் குழாய் செம்பு-நிக்கல் கலவையாக இருந்தாலும் உறையோ மூடியோ அலுமினியமாக இருக்கலாம். உறுதியாகத் தெரியாதவரை வலிமையான ஆசிட்டை உள்ளே விடக் கூடாது.

எஞ்சினை நிறுத்தி முழுமையாக ஆறவிட்டு, கடல்நீர் வால்வை மூடி, வெப்பமாற்றியில் அரிப்பைத் தாங்கிக்கொள்ள வைத்திருக்கும் ஜிங்க் பென்சிலைக் கழற்றித் துளையைச் சாதாரண அடைப்பால் அடையுங்கள். கடல்நீர் பம்பைச் சுற்றில் சேர்க்காமல், வெப்பமாற்றியின் இரு முனைகளிலும் தனிக் குழாய்களைப் பொருத்துங்கள். 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கிலோ எலுமிச்சை உப்பைக் கரைத்து, சிறிய பிளாஸ்டிக் பம்பால் கீழ்முனை வழியாகச் செலுத்தி மேல்முனை வழியாக வாளிக்கே திரும்பி வருமாறு சுற்றவிடுங்கள். கீழிருந்து மேலே போனால்தான் வாயுக் குமிழ்கள் உள்ளே தேங்காமல் வெளியேறும். திரும்பும் குழாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூடிய குழாய்க்குள் கரியமில வாயு சேர்ந்தால் அழுத்தத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். இரண்டு, மூன்று மணிநேரம் ஓடலாம். கரைசல் வெண்மையாகக் கலங்கினால் கொட்டிப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

அலுமினியம் எதுவும் இல்லை என்று உறுதியானால் மட்டும், 15 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற கலவையை 15, 20 நிமிடம் சுற்றவிடலாம். திரும்பும் குழாயில் குமிழ் நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இரண்டு முறையிலும், பிறகு பத்து நிமிடம் நல்ல தண்ணீர், அடுத்து ஆப்பச் சோடாக் கரைசல், மறுபடி நல்ல தண்ணீர் என்று கழுவி, புது ஜிங்க் பென்சிலைப் பொருத்துங்கள். கடலுக்குப் போகும் முன் கரையிலேயே எஞ்சினை ஓட்டிக் கசிவு பாருங்கள். அரித்துப்போன குழாயில் ஊசித்துளையைச் சுண்ணாம்பே அடைத்துக்கொண்டிருந்து, சுத்தம் செய்ததும் அது திறந்துகொள்வதுண்டு.

துருவும் மஞ்சள் கறையும்

இரும்பு வின்ச்சிலும் கம்பங்களிலும் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசினால் அது துருவைக் கருஞ்சாம்பல் நிறப் பாஸ்பேட் படலமாக மாற்றும். அதன் மேல் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். ஃபைபர் மீது போல்ட்டிலிருந்து வழிந்த துருக்கோட்டுக்கும் நீர்மட்டத்தில் படியும் மஞ்சள் பட்டைக்கும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் ஆக்சாலிக் தூளைக் கரைத்து, பதினைந்து நிமிடம் ஈரமாக வைத்திருந்து கழுவுவது போதும். இந்தத் தூள் பார்வைக்குச் சர்க்கரைபோல் இருக்கும், விழுங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமையல் பொருள்களின் அருகே வைக்கக் கூடாது.

செய்யவே கூடாத இரண்டு

மீன் அறை, எஞ்சின் அறை, அடித்தளம் ஆகிய மூடிய இடங்களுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு இறங்கக் கூடாது. ஆசிட் புகையும் கரியமில வாயுவும் காற்றைவிடக் கனமானவை. அறையின் அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். அலுமினியத்திலோ துத்தநாகத்திலோ ஆசிட் பட்டால் வரும் ஹைட்ரஜனோ லேசானது, மேல்தட்டின் அடியில் சேர்ந்து ஒரு சுவிட்ச் பொறியில் வெடிக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க அப்படியே இறங்குபவரும் விழுவார். மூடிகளைத் திறந்து, விசிறியால் காற்றை உள்ளே செலுத்தி, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். மீன் நாற்றத்துக்காகத் தளத்தில் பிளீச்சிங் பவுடர் தூவும் வழக்கம் பலரிடம் உண்டு. அந்தத் தளத்தில் ஆசிட் வழிந்தால் பச்சை-மஞ்சள் நிறக் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே படகில் பயன்படுத்தவே வேண்டாம்.

ஆசிட் பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவிய பிறகே வண்டியைத் தேட வேண்டும், ஏனெனில் பார்வை தங்குவதும் போவதும் அந்த முதல் நிமிடங்களில்தான். தோலில் பட்டால் நனைந்த உடையை உடனே களைந்து அதே அளவு நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆப்பச் சோடா படகுக்கும் தரைக்கும்தான். உடம்பில் பூசக் கூடாது, வினையின் வெப்பம் காயத்தைப் பெருக்கும். எண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காசிமேட்டிலிருந்து அரசு ஸ்டான்லி மருத்துவமனை அருகில் இருக்கிறது. கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. புகையைச் சுவாசித்தவருக்கு மூச்சுத்திணறல் சில மணிநேரம் கழித்தும் வரலாம். இருமல் நிற்காவிட்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆசிட் கேனின் சீட்டைப் படம் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.

மிச்சமும் கேனும்

தார்ப்பாயில் தேங்கிய கலவையைத் துறைமுக நீரிலோ சாக்கடையிலோ தள்ளக் கூடாது. அதைப் பிளாஸ்டிக் ட்ரம்மில் சேர்த்து, நுரை நிற்கும்வரை ஆப்பச் சோடாவையோ சலவைச் சோடாவையோ கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பயன்படாத முழு வலிமை ஆசிட் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 900 கிராம் ஆப்பச் சோடா பிடிக்கும். நீர்த்த பிறகே போட வேண்டும். பி.எச். 7ஐ ஒட்டி வந்ததும் ஒரு நாள் தெளியவிட்டால் வண்ணத் துகள்களும் செம்பும் பெருமளவு அடியில் படியும். அந்தக் கசடை, சுரண்டிய ஓடு, வண்ணக் குப்பை ஆகியவற்றோடு சாக்கில் கட்டி, படகு பழுது பார்க்கும் இடத்தின் இரசாயனக் கழிவோடு சேர்க்க வேண்டும்.

மீதமிருக்கும் ஆசிட்டை வந்த கேனிலேயே, மூடி இறுக்கி, நிழலில், இரும்புச் சாமான்களுக்கும் பேட்டரிக்கும் தொலைவாக, பூட்டிய இடத்தில் வையுங்கள். மூடியிலிருந்து கசியும் புகையே பக்கத்தில் உள்ள கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும். படகில் வைக்காதீர்கள். குளிர்பான பாட்டிலிலோ குடிநீர் பாட்டிலிலோ ஒரு மணிநேரத்துக்குக்கூட ஊற்றி வைக்கக் கூடாது, ஏனெனில் நடுக்கடலில் இரவில் தாகத்தோடு கைநீட்டுபவர் பாட்டிலைத்தான் பார்ப்பார், உள்ளே இருப்பதைப் பார்க்க மாட்டார். காலியான கேனை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் அதே ட்ரம்மில் சேர்த்து, கேனின் அடியில் கத்தியால் துளையிட்டுவிடுங்கள். துளையில்லாத கேனை யாராவது எடுத்துப்போய் அடுத்த பயணத்துக்குக் குடிதண்ணீர் பிடித்துவிடுவார்கள்.